ஈவ்லின் பிராண்ட்

ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் பிராண்ட் (1879 – டிசம்பர் 18, 1974) தமிழ்நாட்டின் கொல்லிமலையிலும் அதனை அடுத்த மலைத்தொடர்களிலும் பல பத்தாண்டுகள் கல்விப்பணியும் மருத்துவப்பணியும் ஆற்றிய ஆங்கிலேயப் பெண்மணி ஆவார். கிறித்தவ சமயப் பணியாளராக இந்தியாவிற்கு வந்த இவர், முதுமையில் தமது சபையின் ஊழியத்திலிருந்து விலகி, எந்த நிறுவனத்தின் ஊதியமும் இன்றித் தாமாகவே மலைக்குத் திரும்பினார். பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தும் நோயாளிகளைக் கவனித்தும் இறுதிவரை அங்கேயே வாழ்ந்தார். தொழுநோயாளிகளின் கைகால்களைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தில் உலகப்புகழ் பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் இவருடைய மகன் ஆவார். பாட்டி பிராண்ட் என்ற பொருள்படும் பெயராலேயே இவர் மேலை நாடுகளில் பெரிதும் அறியப்படுகிறார்.

பிறப்பும் இளமையும்

ஈவ்லின் இலண்டன் மாநகரில் செல்வம் மிக்க வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிறப்பால் இவரது பெயர் ஈவ்லின் கான்ஸ்டன்ஸ் ஹாரிஸ். உடன்பிறந்தோர் பலர். குடும்பத்தினர் பாப்டிஸ்ட் சமயப் பிரிவில் மிகுந்த கட்டுப்பாடு உடைய கிளையைச் சேர்ந்தவர்கள். இலண்டனின் செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியில் இவர்களது இல்லம் இருந்தது.

இளமையில் ஓவியக்கலையில் நாட்டம் கொண்டு முறையாகப் பயின்றார். இயற்கைக் காட்சிகளை வரைவதில் தேர்ச்சி உடையவர். நல்ல உடை, நல்ல வீடு, ஏழைகளுக்கு அவ்வப்போது உதவி என்று அக்கால உயர்குடிப் பெண்களுக்கு வகுக்கப்பட்ட வாழ்க்கையே இவருக்கும் காத்திருந்தது. முப்பது வயதைக் கடந்தும் திருமணம் ஆகாதிருந்த இவர் தொலைநாடு சென்று பணியாற்ற விரும்பியதைத் தந்தை எளிதில் ஏற்கவில்லை.

இந்நிலையில், தென்னிந்தியாவில் பணியாற்றிவந்த ஜெசி மேன் பிராண்ட் என்ற இளைஞர் விடுமுறையில் இங்கிலாந்து வந்திருந்தபோது கொல்லிமலையைப் பற்றி ஆற்றிய உரையை ஈவ்லின் கேட்டார். மலையில் மருத்துவமும் பள்ளியும் இல்லை என்பதும், காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்களே அங்கு ஏறத் தயங்குகின்றனர் என்பதும் அவ்வுரையின் சாரம். 1912இல் ஈவ்லின் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் சார்பில் சென்னை வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 33. முதல் வேலையாகத் தமிழ் கற்கத் தொடங்கினார்.

கொல்லிமலையும் அதன் நாடுகளும்

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ளது. முன்னர் அது சேலம் மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. நாமக்கல் 1997இல்தான் தனி மாவட்டம் ஆயிற்று. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான இம்மலையின் மேற்பரப்பு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரம் உடையது. சங்க இலக்கியங்கள் போற்றும் வல்வில் ஓரியின் மலை இது. அறப்பளீசுவரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இன்று பலரை ஈர்க்கின்றன.

மலைமேல் உள்ள சிற்றூர்கள் தொன்றுதொட்டு நாடுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. குண்டூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு, சேளூர் நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு முதலியவை அவற்றுட் சில. இப்பெயர்கள் இன்றும் ஊராட்சிகளின் பெயர்களாக வழங்குகின்றன. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். மலையை ஆள்வோர் என்ற பொருளில் அமைந்த பெயர் இது. கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. இவர்கள் தாய்மொழி தமிழே. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. சாமை, தினை, கேழ்வரகு, நெல் ஆகியவை பயிரிடப்பட்டன. ஊர்க்கவுண்டர், பட்டக்காரர் என்ற தலைமை முறையும் பஞ்சாயத்தும் வலுவாக இருந்தன. ஆகவே, கல்வியற்றவர்கள் என்று வெளியார் எழுதிவைத்த இம்மக்கள் ஒழுங்கமைந்த சமூக வாழ்வு உடையவர்களாகவே இருந்தனர் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். அவர்களிடம் இல்லாதது எழுத்து. எழுத்தில்லாமையால் வந்த இழப்பு, பெரும்பாலும் நிலத்திலும் வரியிலும் கடன்பத்திரத்திலும் வெளிப்பட்டது.

1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். சமவெளியிலேயே நிலை இதுவென்றால் மலையைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இல்தான் இயற்றப்பட்டது.

மலையடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலமே வெளியுலகத்திற்கான வாயில். இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை வழியாகப் பேருந்துகள் ஏறுகின்றன. அன்று ஒற்றையடிப் பாதைதான். நடக்க இயலாதவர்களை டோலியில் சுமந்து சென்றனர்.

திருமணமும் மலையேற்றமும்

ஜெசி பிராண்ட் 1885இல் பிறந்தவர். ஈவ்லினை விட ஆறு வயது இளையவர். கட்டடத் தொழில் பயின்றவர். இந்தியா வருமுன் இலண்டன் லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மருத்துவப் பயிற்சியும் பெற்றிருந்தார். இருவரும் 1913இல் திருமணம் செய்துகொண்டனர். மணநாளன்றே மலையேறத் தொடங்கியதாகவும், வழியில் பெருமழையும் இருட்டும் சூழ, மணப்பெண் சேறு படிந்த உடையுடன் நடந்தே வீடு சேர்ந்ததாகவும் அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர்.

வாழவந்தியில் ஜெசி தம் கையாலேயே கட்டியிருந்த மரவீடுதான் அவர்கள் இல்லம். கரையான் ஏறாதபடி வீடு தூண்களின்மேல் உயர்த்தப்பட்டிருந்தது; ஒவ்வொரு தூணின் தலைப்பிலும் உலோக வாணலி ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் பால் பிராண்ட் தம் நூல்களில் இவ்வீட்டை அன்போடு விவரித்துள்ளார்.

பள்ளிப் பணி

முதல் சில ஆண்டுகளில் மலைமக்கள் இவர்களை நெருங்கவில்லை. மருந்துக்கு வந்தனர், பாடத்திற்கு வரவில்லை. இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. ஆடுமாடு மேய்ப்பதும், விளைநிலத்தில் குருவியும் பன்றியும் புகாமல் காப்பதும் சிறுவர் வேலை. ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால் ஒரு காவற்காரரை இழப்பது என்று பொருள். மேலும், பள்ளி நடத்துவோர் வேற்றுச் சமயத்தினர். கற்பதற்கு ஈடாகத் தெய்வத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்குமோ என்ற ஐயம் பெற்றோருக்கு இருந்ததில் வியப்பில்லை. பிராண்ட் இணையர் தம் சமயத்தைப் பரப்பும் நோக்கத்தை என்றும் மறைத்ததில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

இவர்கள் நடத்திய பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் மட்டுமின்றிக் கைத்தொழிலும் இடம்பெற்றது. ஜெசி தச்சு, கட்டடம் முதலிய வேலைகளைக் கற்பித்தார். பட்டுப்புழு வளர்ப்புக்காக முசுக்கொட்டை நட்டார். கொடிமுந்திரி, ஆரஞ்சு என்று பலவற்றையும் சோதித்துப் பார்ப்பவர் என அவரைப் பற்றிய குறிப்புகள் காட்டுகின்றன. நிலவரி தொடர்பான வழக்குகளில் மலைமக்கள் சார்பாக அலுவலர்களிடம் முறையிட்டதும் உண்டு. மலைமக்களின் நம்பிக்கையைப் பெற்றுத் தந்தது வகுப்பறையை விட இவ்வழக்குகளே எனக் கருத இடமுண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தவன் வரிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வான் என்பது மலைமேல் எவருக்கும் விளக்கவேண்டாத உண்மை.

ஈவ்லினின் பங்கு வேறு வகையானது. ஊர் ஊராகச் சென்று பெண்களோடும் குழந்தைகளோடும் பழகுவது, படங்கள் காட்டிக் கதை சொல்வது, கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்ப்பது ஆகியவை அவருடையவை. ஓவியம் கற்ற கை இங்கே பயன்பட்டது.

தம் பிள்ளைகளுக்கும் அவரே ஆசிரியர். மகன் பால் 1914 சூலை 17இல் பிறந்தார். அடுத்துப் பிறந்த மகள் கான்னி. வீட்டிற்குள் அமர்ந்து படிக்கப் பால் மறுத்தபோது, அருகிலிருந்த பலாமரத்தில் ஏறி அமர்ந்து பாடம் செய்ய ஈவ்லின் இசைந்தார். கணக்குகளை முடித்ததும் தாள் மேலிருந்து கீழே வரும். தாய் திருத்தித் தருவார். கொல்லிமலையின் பலா புகழ் பெற்றது என்றாலும், வகுப்பறையாகப் பயன்பட்ட பலாமரம் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

1918ஆம் ஆண்டுக் காய்ச்சல்

முதல் உலகப்போரின் இறுதியில் உலகெங்கும் பரவிய இன்புளுயன்சா இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. கொல்லிமலையும் தப்பவில்லை. வீட்டில் அனைவரும் படுத்துவிட்டால் அடுப்பு மூட்ட ஆள் இராது. நோயினால் மட்டுமின்றிப் பட்டினியாலும் சாவு நேர்ந்தது. பிராண்ட் இணையர் பெரிய அளவில் கஞ்சி காய்ச்சி ஊர்தோறும் எடுத்துச் சென்று ஊட்டினர்.

அதுவரை அவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்த கோயில் பூசாரி ஒருவர் இந்நோய்க்கு ஆளானார். ஊரார் அச்சத்தால் விலகி நிற்க, ஜெசியும் ஈவ்லினும் அவரைக் கவனித்தனர். இறக்கும் தறுவாயில் அவர் தம் கைக்குழந்தையான பெண்ணை அவர்களிடம் ஒப்படைத்தார். அக்குழந்தை பிராண்ட் வீட்டிலேயே வளர்ந்தது. மலைமக்களின் போக்கில் மாற்றம் தொடங்கியது இதன் பின்னரே என்று வாழ்க்கை வரலாறுகள் குறிப்பிடுகின்றன. இதனை மதமாற்றத்தின் வெற்றிக் கதையாக மட்டும் அந்நூல்கள் சொல்லிவிடுவது உண்டு. சாகும் தகப்பன் ஒருவன், தன்னைக் கைவிடாதவர் யார் என்று பார்த்து முடிவெடுத்தான் என்றும் அதனைப் படிக்கலாம்.

பிள்ளைகளைப் பிரிதல்

1923இல் குடும்பம் இங்கிலாந்து சென்றது. விடுமுறை முடிந்தபோது பிள்ளைகள் இருவரும் படிப்பிற்காக இலண்டனில் ஈவ்லினின் சகோதரிமார் வீட்டில் விடப்பட்டனர். பாலுக்கு அப்போது ஒன்பது வயது. இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயக் குடும்பங்களில் இது வழக்கமான ஏற்பாடே. ஆயினும், மலைமேல் பிறர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தம் பிள்ளைகளை ஆறாயிரம் கல் தொலைவில் விட்டு வந்த தாயின் நிலை எளிதானதன்று. மரத்தின்மேல் பாடம் படித்த சிறுவன் மூடிய வீட்டில் ஒடுங்கிப்போனதைப் பால் பிராண்ட் பின்னாளில் எழுதியுள்ளார். இணைப்பாக இருந்தவை கடிதங்கள் மட்டுமே. கொல்லிமலையின் மரம், பறவை, பூச்சி ஆகியவற்றைப் பற்றி ஜெசி மகனுக்குத் தொடர்ந்து எழுதிவந்தார்.

ஜெசியின் மறைவு

கொல்லிமலையின் காய்ச்சல் என்று மக்கள் அஞ்சியது மலேரியாவே. அதன் கொடிய வடிவமான கருநீர்க் காய்ச்சல், இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீர் கறுத்து வெளியேறும் நோய். 1929 சூன் 15இல் ஜெசி பிராண்ட் இந்நோயால் மலைமேலேயே இறந்தார். வயது 44. மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

தந்தி இலண்டனை உடனே எட்டியது. கப்பலில் வந்துகொண்டிருந்த கடிதங்களோ தந்தை இறந்த பின்பும் மகன் கைக்கு வந்து சேர்ந்தன.

ஈவ்லின் கணவர் விட்டுச்சென்ற வேலைகளைத் தாமே தனியாக நடத்த முயன்றார். உடல்நலம் இடங்கொடாமையால் அடுத்த ஆண்டு இங்கிலாந்து திரும்பினார். ஆறு ஆண்டுகளுக்குப் பின் தாயைக் கண்ட மகனுக்கு அவரை அடையாளம் காண்பதே அரிதாயிற்று. ஐம்பது வயதிலேயே கூனிக் குறுகிய முதியவராக அவர் காட்சியளித்தார். உறவினர் அனைவரும் அவரது இந்திய வாழ்க்கை முடிந்தது என்றே கருதினர். அவர் மீண்டும் கப்பல் ஏறினார்.

ஓய்வை மறுத்தல்

திரும்பி வந்த ஈவ்லினுக்குச் சபை சமவெளியில் பணி ஒதுக்கியது. மலைக்கு அனுப்பவில்லை. விடுமுறை கிடைத்த போதெல்லாம் அவர் மலைக்குச் சென்றுவந்தார். இவ்வாறு பல ஆண்டுகள் கழிந்தன.

1947இல் அவருக்கு வயது 68. மேலும் ஐந்தாண்டுத் தவணைக்கு அனுப்பச் சபை மறுத்தது. முதுமையைக் காரணம் காட்டிய அம்முடிவு நேர்மையற்றது என்று சொல்வதற்கில்லை. நோயுற்றால் அவரைக் காக்கும் பொறுப்பு சபையினுடையது. மிகவும் வேண்டிக்கொண்டதன் பேரில் ஓராண்டு மட்டும் நீட்டிப்பு வழங்கப்பட்டது. அந்த ஓராண்டில் ஈவ்லின் மலைமேல் சிறு குடில் அமைக்கத் தேவையானவற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்தார். ஆண்டு முடிந்து பிரிவுபசார விழா நடந்தபோது, தாம் ஊருக்குத் திரும்பப் போவதில்லை என்றும், ஊழியத்திலிருந்து விலகித் தம் சொந்தப் பணத்தில் மலையில் வாழப்போவதாகவும் அறிவித்தார்.

இதற்குப் பிந்தைய ஆண்டுகளே அவர் வாழ்வில் மிகவும் குறிப்பிடத்தக்கவை. சபையின் ஆணையோ பொருளுதவியோ இல்லாத தன்னார்வப் பணியாளராக அவர் செயற்பட்டது இக்காலத்தில்தான். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன் மலை, சித்தேரி மலை முதலியவற்றையும் சேர்த்து ஐந்து மலைத்தொடர்களிலும் பணியாற்றவேண்டும் என்பது அவரும் ஜெசியும் இளமையில் கொண்ட திட்டம். ஜெசி ஒரு மலையோடு நின்றார். எஞ்சியவற்றை ஈவ்லின் எழுபது வயதிற்கு மேல் ஏறினார். மட்டக்குதிரை ஒன்றில் ஊர் ஊராகச் செல்வார். குடில் ஒன்றிலோ கூடாரத்திலோ தங்குவார். பிள்ளைகளைக் கூட்டி எழுத்துச் சொல்லித் தருவார். புண்களைக் கழுவி மருந்திடுவார்.

75ஆம் வயதில் கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கப்பட்டு வேலூர் கொண்டு செல்லப்பட்டார். அங்குக் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிவந்த மகன் பால், இனியாவது ஓய்வு கொள்ளுமாறு வற்புறுத்தினார். எவரும் உதவிக்கு இல்லாத மலையில், எலும்பு முறிந்த மூதாட்டி தனியாக இருப்பது அறிவுடைமை ஆகாது என்பது மருத்துவரின் வாதம். மருத்துவர் இல்லாத மலையில் உள்ள மக்களை விட்டுவிட்டுத் தம் உடம்பை மட்டும் காப்பதில் பயன் என்ன என்பது தாயின் வாதம். மகன் தோற்றார். இரு மூங்கிற் கழிகளை ஊன்றியபடி ஈவ்லின் மலைக்குத் திரும்பினார். மேலும் இருபது ஆண்டுகள் அவ்வாறே நடமாடினார்.

பயணங்களில் குதிரையிலிருந்து பலமுறை விழுந்ததுண்டு. வாழ்வின் கடைசி இருபது ஆண்டுகளில் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே அவர் வைத்துக்கொள்ளவில்லை. மகன் எழுதிய நூல்கள் மூலம் பரவலாக அறியப்பட்ட செய்தி இது. இளமையில் நன்கு உடுத்துவதில் விருப்பமுடைய இலண்டன் பெண்ணாக இருந்தவர் என்பதை நினைத்தால் இதன் பொருள் விளங்கும்.

நரம்புச்சிலந்தி ஒழிப்பு

மலைமக்களை வாட்டிய நோய்களுள் நரம்புச்சிலந்தி முதன்மையானது. இது குடிநீர் வழியே பரவும் புழுநோய். நீரிலுள்ள நுண்ணிய தெள்ளுப்பூச்சிகளின் உடலில் இப்புழுவின் இளவுயிரி வளரும். அந்நீரைக் குடித்தவரின் உடலுக்குள் ஏறத்தாழ ஓராண்டில் புழு ஒரு மீட்டர் நீளம் வரை வளர்ந்து, பெரும்பாலும் காலில் கொப்புளமாகி வெளிப்படும். அதனை ஒரு குச்சியில் சுற்றி நாளுக்குச் சிறிதாக வெளியே எடுக்கவேண்டும், அறுந்தால் சீழ்பிடிக்கும். நோயாளி எரிச்சல் தணியக் காலைக் கிணற்று நீரில் நனைத்தால் புழு தன் இளவுயிரிகளை அந்நீரில் விட்டுவிடும். படியிறங்கி நீர் மொள்ளும் கிணறுகள் உள்ள ஊர்களில் இச்சுழற்சி முடிவின்றித் தொடரும்.

இந்நோய்க்குத் தடுப்பூசி இல்லை, மருந்தும் இல்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் எழுப்புதல், காலை நீரில் வைக்காதிருத்தல், நீரைத் துணியால் வடிகட்டிக் குடித்தல் ஆகியவையே வழி. அதாவது, இதனை ஒழிப்பது ஆசிரியரின் வேலை. ஜெசி தொடங்கிய இவ்வறிவுரையை ஈவ்லின் பல பத்தாண்டுகள் ஊர் ஊராகக் கூறிவந்தார். கொல்லிமலையில் நரம்புச்சிலந்தி மறைந்ததில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு என வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. இந்தியா முழுவதும் இந்நோய் ஒழிந்துவிட்டது என உலக சுகாதார நிறுவனம் 2000ஆம் ஆண்டில் சான்றளித்தது.

மகன் பால் பிராண்ட்

பால் பிராண்ட் தந்தையைப் போலவே முதலில் கட்டடத் தொழில் பயின்று, லிவிங்ஸ்டன் கல்லூரியில் ஓராண்டு மருத்துவப் பயிற்சி பெற்று, அதன் பின்னரே முழுமையான மருத்துவப் படிப்பிற்குச் சென்றார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமே அழுகி விழுவதில்லை. வலியுணர்வு இழந்தமையால் ஏற்படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று அவர் வேலூரில் நிறுவினார். தசைநாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிப்போன விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். 2003இல் அமெரிக்காவில் காலமானார். பிள்ளைப் பருவத்தில் கொல்லிமலையில் தந்தையோடு கண்ட நோயாளிகளைப் பற்றித் தம் நூல்களில் அவர் பலமுறை எழுதியுள்ளார்.

மறைவு

தொண்ணூறு வயதிற்கு மேலும் ஈவ்லின் மலைவாழ்க்கையை விடவில்லை. குதிரை ஏற முடியாத நிலையில் மலைமக்கள் அவரைத் தூக்கிச் சென்றனர். 1974 டிசம்பர் 18இல் தம் 95ஆம் வயதில் காலமானார். அவரது உடல் கொல்லிமலைக்குக் கொண்டு செல்லப்பட்டு, 45 ஆண்டுகளுக்கு முன் அடக்கம் செய்யப்பட்ட கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டது. அமெரிக்க எழுத்தாளர் டோரதி கிளார்க் வில்சன் எழுதிய ஈவ்லினின் வாழ்க்கை வரலாறு 1976இல் ஆங்கிலத்தில் வெளியானது.